தலைப்பில் வென்றவர் பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று சில நாட்கள் பொறுத்துப் பார்த்தேன். தணியவில்லை, எழுதுகிறேன். 2025 பிரெஞ்சு ஓபன் டென்னிஸ் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த இரண்டு செய்திகளைப் பற்றியது இந்தக் கடிதம்.

பெண்கள் ஒற்றையர் இறுதி ஆட்டம் ஜூன் 7, சனிக்கிழமை நடந்தது. மறுநாள் தாங்கள் போட்ட தலைப்பு: ‘70 தவறுகள்: கோப்பையைத் தாரை வார்த்தார் சபலென்கா’. ஆண்கள் இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. அது நம் நேரப்படி நள்ளிரவைத் தாண்டித்தான் முடிந்தது. திங்கட்கிழமை இதழில் பாதி ஆட்டம் மட்டுமே வந்ததில் எனக்குக் குறையில்லை. அச்சு இயந்திரம் யாருக்காகவும் காத்திருக்காது. ஆனால் முழுதாக ஒரு நாள் கையில் இருந்தும் செவ்வாய்க்கிழமை வந்த தலைப்பு: ‘கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை: கோட்டைவிட்டார் சின்னர்’. பெண்கள் பட்டம் வென்ற கோகோ காஃபின் பெயரைத் தேடி இரண்டாவது பத்திக்குப் போக வேண்டியிருந்தது. ஆண்கள் பட்டம் வென்ற கார்லோஸ் அல்காரஸுக்கும் அதே மரியாதைதான். இரண்டு செய்திகளையும் படித்த ஒருவர், பாரிஸில் இரண்டு பேர் தோற்றார்கள், ஜெயித்தவர் என்று யாரும் இல்லை என்றே நினைத்திருப்பார். முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையை விட்டுவிட்டு, இரண்டாவதாக வந்த பிள்ளை எந்தக் கணக்கில் தப்பு செய்தான் என்று பள்ளி ஆண்டு விழாவில் அறிவித்தால் எப்படி இருக்கும்?

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். எங்கள் பள்ளியில் ஒரே ஒரு களிமண் டென்னிஸ் ஆடுகளம் இருந்தது. தண்ணீர் தெளிப்பது, உருளை இழுப்பது, கோடு போடுவது எல்லாம் என் தலையில்தான். அந்தத் தரையில் பிள்ளைகள் தோற்றுவிட்டு வந்து ‘நான்தான் சார் தப்பு தப்பாக அடித்தேன்’ என்று சொல்லும்போதெல்லாம் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ‘உன்னைத் தப்பாக அடிக்க வைத்தது யார்?’ அதே கேள்வியைத் தங்கள் செய்தியாளரிடமும் கேட்கிறேன்.

முதலில் ஆண்கள் ஆட்டம். அல்காரஸ் 4-6, 6-7, 6-4, 7-6, 7-6 என்று வென்றார். ஐந்து மணி 29 நிமிடம். பிரெஞ்சு ஓபன் வரலாற்றில் இவ்வளவு நீண்ட இறுதி ஆட்டம் நடந்ததே இல்லை. அதற்கு முன் 1982-இல் மாட்ஸ் விலாண்டர் கிலெர்மோ விலாஸைத் தோற்கடித்த 4 மணி 42 நிமிடம்தான் சாதனையாக இருந்தது. இவ்வளவு ஆடிய பிறகு மொத்தப் புள்ளிகளைக் கூட்டினால் யானிக் சின்னருக்கு 193, அல்காரஸுக்கு 192. தோற்றவருக்கு ஒரு புள்ளி கூடுதல்! டென்னிஸில் எத்தனை புள்ளி எடுத்தோம் என்பதல்ல கணக்கு, எந்தப் புள்ளியை எடுத்தோம் என்பதுதான். செய்தியாளர் இந்த ஒரு விவரத்தை மட்டும் எழுதியிருந்தால் போதும், தலைப்பு தானாக மாறியிருக்கும்.

நான்காவது செட்டில் சின்னர் 5-3 என்று முன்னிலை. சர்வீஸ் அல்காரஸுடையது. 0-40. மூன்று சாம்பியன்ஷிப் புள்ளிகள், அதாவது அவற்றில் ஒன்றை எடுத்தாலே சின்னருக்குப் பட்டம். இந்த இடத்தைத் தங்கள் செய்தி ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போய்விட்டது: ‘மூன்று வாய்ப்புகளையும் சின்னர் வீணடித்தார்’. அதற்கு முன்பு அல்காரஸ் எங்கே இருந்தார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதல் இரண்டு செட்களை இழந்த ஆட்டம் எதையும் அவர் தன் வாழ்நாளில் அதுவரை மீட்டதில்லை. எட்டு முறை அப்படி மாட்டிக்கொண்டு எட்டு முறையும் தோற்றவர். எதிரே நிற்பவரோ அந்தத் தொடரில் இறுதி ஆட்டம் வரை ஒரு செட்டைக்கூட இழக்காதவர்; அரையிறுதியில் ஜோகோவிச்சை நேர் செட்களில் அனுப்பிவிட்டு வந்தவர். அந்த நிலையில், இன்னும் ஒரே ஒரு புள்ளி போனால் எல்லாம் முடிந்தது என்னும்போது, மூன்று புள்ளிகளையும் காப்பாற்றி, அந்த கேமைப் பிடித்து, அடுத்த கேமில் பட்டம் வெல்வதற்காக சர்வ் போட வந்த சின்னரின் சர்வீசையும் முறித்து, அதாவது அவர் சர்வ் போட்ட கேமையே வென்று, 5-5 ஆக்கினாரே, அது யாருடைய ஆட்டம்? பிறகு, 6-6 ஆனதும் செட்டை முடிவு செய்யும் டை-பிரேக்கரில் 7-3.

ஐந்தாவது செட்டில் அல்காரஸ் தொடக்கத்திலேயே முன்னிலை பெற்று, 5-4 என்ற நிலையில் பட்டத்துக்காக சர்வ் போட வந்தார். சின்னர் முறித்துவிட்டார். ஐந்து மணி நேரம் ஓடிய கால்களோடு, கையிலிருந்து நழுவிய ஆட்டத்தைத் திரும்பப் பறித்த அந்த வீரரைத்தான் ‘கோட்டைவிட்டார்’ என்கிறீர்கள். ஆகத் தங்கள் தலைப்பு வென்றவருக்கு மட்டுமல்ல, தோற்றவருக்கும் அநியாயம் செய்திருக்கிறது. கடைசியில் பத்துப் புள்ளி டை-பிரேக்கர். அல்காரஸ் 7-0 வரை போய், 10-2 என்று முடித்தார். அந்த நேரத்தில், பந்தை வலையை ஒட்டி மெல்ல இறக்கும் டிராப் ஷாட் ஆட எவருக்காவது மனம் வருமா? அவருக்கு வந்தது. கடைசிப் புள்ளி, ஓடிக்கொண்டே கோட்டை ஒட்டி அடித்த ஃபோர்ஹேண்ட். எதிராளியின் தவறால் வந்த புள்ளி அல்ல அது என்பதைச் செய்தியாளர் குறித்துக்கொள்ளட்டும்.

இனித் தரையைப் பற்றி. தங்கள் செய்திகளில் தரை என்ற ஒன்றே இல்லை. போட்டி சிமென்ட் தரையில் நடந்திருந்தாலும் அதே வாக்கியங்கள்தான் வந்திருக்கும்.

பிரெஞ்சு ஓபன் நடக்கும் ரோலண்ட் கேரோஸின் களிமண் ஆடுகளத்தின் மேலே தெரியும் சிவப்பு, பொடித்த செங்கல். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அதன் அடியில் இடித்த வெள்ளைச் சுண்ணாம்புக்கல், அதற்கும் கீழே கரிக்கசடு, சரளை என்று அடுக்கடுக்காகப் போகும். அந்த மெல்லிய பொடிதான் ஆட்டத்தையே மாற்றுகிறது. பந்து தரையைத் தொடும்போது பொடி அதைப் பிடித்து இழுக்கிறது. முன்னோக்கிய வேகம் குறைகிறது, எழும்பும் உயரம் கூடுகிறது. புல் தரையில் திரும்பி வராத சர்வ் இங்கே திரும்பி வரும். இரண்டு அடியில் முடிந்திருக்க வேண்டிய புள்ளி பத்து, பதினைந்து அடி வரை இழுக்கும். ஓடி வந்து நிற்க முடியாது, சறுக்கி நிற்க வேண்டும். அதுவும் பந்தை அடிப்பதற்கு முன்பே சறுக்கத் தொடங்கியிருக்க வேண்டும். அடித்த பிறகு சறுக்கினால் அடுத்த பந்துக்குத் திரும்பி வர நேரம் இருக்காது. இதைப் பிள்ளைகளுக்குப் பழக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். தண்ணீர் கொஞ்சம் அதிகமானால் பந்து ஈரமண்ணை வாரிக்கொண்டு கனக்கும். வெயில் ஏறினால் மேற்பொடி காய்ந்து பறக்கும். காலையில் உருட்டி வைத்த தரை மாலையில் வேறு தரை.

இந்தத் தரையில், நன்றாக அடித்த பந்து ஒன்று கூடுதலாகத் திரும்பி வந்துகொண்டே இருக்கும். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த புள்ளியை இன்னொரு முறை ஜெயிக்க வேண்டும். பிறகு இன்னொரு முறை. மூன்றாவது, நான்காவது முறை கோட்டுக்கு இன்னும் நெருக்கமாக, இன்னும் வேகமாக அடிக்கத் தோன்றும். பந்து வெளியே போகும். புள்ளிவிவரக்காரர் அதைத் தோற்றவர் கணக்கில் ‘தானாகச் செய்த தவறு’ என்று எழுதிக்கொள்வார். அந்தப் பந்தை நான்கு முறை திருப்பி அனுப்பியவருக்கு எந்தக் கட்டத்திலும் ஒரு கோடுகூட விழாது.

நான் சொல்வதில் நம்பிக்கை இல்லையென்றால் வரலாற்றைப் பாருங்கள். 1968-இல் தொழில்முறை வீரர்களுக்கும் கதவு திறந்த பிறகு, கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளின் ஆண்கள் இறுதி ஆட்டத்தில் முதல் இரண்டு செட்களை இழந்துவிட்டுப் பட்டம் வென்றவர்கள் ஒன்பது பேர். அதில் ஆறு பேர் வென்றது பாரிஸில்: 1974-இல் போர்க், 1984-இல் லெண்டில், 1999-இல் அகாசி, 2004-இல் காடியோ, 2021-இல் ஜோகோவிச், இப்போது அல்காரஸ். மற்ற மூன்று கிராண்ட்ஸ்லாம்களையும் சேர்த்தால் மீதி மூன்று பேர்தான். அந்த மூவரில் ஒருவர் யார் தெரியுமா? 2024 ஆஸ்திரேலிய ஓபனில் மெத்வதேவிடம் இரண்டு செட்களை இழந்துவிட்டுத் திரும்பி வந்த இதே சின்னர். விம்பிள்டனில் ஒருவர்கூட இல்லை. ஆறு பேருக்கும் எதிரே நின்றவர்கள் எல்லாம் ‘கோட்டைவிட்டவர்கள்’ என்றால், பாரிஸ் மண்ணில் மட்டும் ஏன் அத்தனை கோட்டைகள் விழுகின்றன?

2004 ஆட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. இருவரும் அர்ஜென்டினாக்காரர்கள். கிலெர்மோ கோரியா அப்போது களிமண் தரையின் ராஜா. காஸ்டன் காடியோ, போட்டிக்கு முன் முன்னணி வீரர்களுக்குத் தரும் வரிசை எண்கூட இல்லாதவர். கோரியா 6-0, 6-3 என்று போய்விட்டார். பிறகு தசைப்பிடிப்பு. ஐந்தாவது செட்டில் இரண்டு சாம்பியன்ஷிப் புள்ளிகள் கோரியா கைக்கு வந்தன. 8-6 என்று காடியோ வென்றார். இப்போதைய ஆட்டத்துக்கு மிக நெருக்கமான ஆட்டம் அதுதான். ஒப்பிட்டு நாலு வரி எழுதியிருக்கலாம்.

பெண்கள் ஆட்டத்துக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குக் கோபம் அதிகம். காஃப் 6-7, 6-2, 6-4 என்று வென்றார். இரண்டு மணி 38 நிமிடம். 2015-இல் செரினா வில்லியம்ஸ் வென்ற பிறகு பாரிஸில் ஒற்றையர் கோப்பையைத் தூக்கிய முதல் அமெரிக்கப் பெண். ஆடியது உலகின் முதல் நிலை வீராங்கனையும் இரண்டாம் நிலை வீராங்கனையும். அரினா சபலென்கா அரையிறுதியில் யாரைத் தோற்கடித்துவிட்டு வந்தார்? பிரெஞ்சு ஓபனில் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து 26 ஆட்டங்களை வென்றிருந்த இகா ஸ்வியாடெக்கை. அதுவும் கடைசி செட்டை 6-0 என்று. அப்படிப்பட்டவர் இறுதி ஆட்டத்திலும் முதல் செட்டில் 4-1 என்று முன்னே போனார். அங்கிருந்து காஃப் அவரை டை-பிரேக்கர் வரை இழுத்தார். செட் போனது. ஆனால் சபலென்கா அந்த ஒரு செட்டுக்குக் கொடுத்த விலை என்ன என்பது அடுத்த செட்டில் தெரிந்தது.

அன்று காற்று சுழன்று அடித்தது. இறுதி ஆட்டம் நடக்கும் பிலிப் ஷாத்ரியே அரங்கத்துக்குக் கூரை உண்டு, மூடவில்லை. சர்வுக்குத் தூக்கிப் போட்ட பந்து போட்ட இடத்தில் நிற்கவில்லை, தரைப்பொடி கிளம்பிக் கண்ணில் விழுந்தது. இரண்டு பேருக்கும் அதே காற்றுதான். சபலென்கா 70 தவறுகள், காஃப் 30. அந்த 30-ஐத் தங்கள் செய்தி போடவே இல்லை. கோட்டுக்கு உள்ளே பாதுகாப்பாக உயரமாகப் பந்தைத் திருப்புவது, ஓடி எடுக்க முடியாததை ஓடி எடுப்பது, எதிராளி இன்னும் ஒரு பந்து அடிக்க வேண்டிய கட்டாயத்தை ஒவ்வொரு முறையும் உண்டாக்குவது: காற்றுள்ள நாளில் களிமண்ணில் ஆட வேண்டிய ஆட்டமே அதுதான். என்னிடம் பயின்ற பிள்ளைகளில் யாராவது அப்படி ஆடியிருந்தால் தோளில் தூக்கியிருப்பேன்.

ஆட்டம் முடிந்ததும் சபலென்கா, தன் தவறுகளால்தான் தோற்றேன், காஃப் பிரமாதமாக ஆடியதால் அல்ல என்ற பொருளில் பேசினார். ஸ்வியாடெக் வந்திருந்தால் ஜெயித்திருப்பார் என்றும் சொன்னார். தோற்ற சூட்டில் சொன்னது. பிறகு அதற்காக வருத்தமும் தெரிவித்துவிட்டார். அவரே திரும்ப எடுத்துக்கொண்ட கருத்தைத் தங்கள் தலைப்பு மட்டும் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது! காஃபின் பதில் செய்தியில் இடம்பெறவில்லை. ஸ்வியாடெக்குடன் தான் கடைசியாக ஆடிய ஆட்டங்களை நினைவுபடுத்தி, அதை ஏற்கவில்லை என்று அவர் அமைதியாகச் சொன்னார். 2022-இல் இதே அரங்கத்தில் இறுதி ஆட்டத்தில் ஸ்வியாடெக்கிடம் 6-1, 6-3 என்று தோற்றபோது காஃபுக்கு வயது 18. இந்த முறை ஆட்டத்துக்கு முதல் நாள் இரவு ஒரு காகிதத்தை எடுத்து, ‘2025 பிரெஞ்சு ஓபனை நான் வெல்வேன்’ என்று, தண்டனை எழுதும் மாணவி போல வரி வரியாக எழுதியிருக்கிறார். வென்ற பிறகு அதை எல்லாருக்கும் காட்டினார். முதல் சுற்று ஆட்டத்துக்கு இதே பெண் பையில் மட்டைகளை எடுத்து வைக்க மறந்துவிட்டு அரங்கத்துக்குள் வந்து நின்றார் என்பது வேறு கதை. இப்படி எழுதுவதற்கு விஷயம் குவிந்து கிடக்கும்போது, 70 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவானேன்?

பெண்கள் ஆட்டம் என்றால் ஒரு மாற்றுக் குறைவாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் தங்களுக்கு மட்டும் உள்ளதல்ல, போட்டியை நடத்துபவர்களுக்கும் உண்டு. 2021 முதல் பாரிஸில் இரவு நேரத்தில் தனியாக ஓர் ஆட்டம் வைக்கிறார்கள். 2025-இல் அந்த இடத்தில் ஒரு பெண்கள் ஆட்டம்கூட இல்லை. போட்டி இயக்குநர் அமெலி மோரெஸ்மோ சொன்ன காரணம், பெண்கள் ஆட்டம் மூன்று செட் என்பதால் சீக்கிரம் முடிந்துவிடக்கூடும் என்பது. அவரே முன்னாள் முதல் நிலை வீராங்கனை. பிரான்ஸுக்கு இந்த ஆண்டு கிடைத்த பெரிய சந்தோஷமே ஒரு பெண்ணால்தான் கிடைத்தது. தரவரிசையில் 361-ஆவது இடத்தில் இருந்து, சிறப்பு அனுமதியில் வந்து, முன்னணி வீராங்கனைகளான பெகுலாவையும் ஆண்ட்ரீவாவையும் சாய்த்து அரையிறுதி வரை வந்த லோயிஸ் புவாசோனைத்தான் சொல்கிறேன். முந்தைய ஆண்டு முழங்கால் தசைநார் அறுந்து படுத்திருந்தவர். காஃப் அவரை 6-1, 6-2 என்று அனுப்பினார். அரங்கம் முழுவதும் எதிர்ப்பக்கம் கத்தும்போது அப்படி ஆடுவதும் ஒரு திறமைதான்.

இரட்டையர் முடிவுகளைத் தாங்கள் போடவே இல்லை. ஒரே மூச்சில் நானே சொல்லிவிடுகிறேன். ஆண்கள்: கிரானோலர்ஸ், ஸெபாலோஸ். பெண்கள்: எர்ரானி, பவோலினி. கலப்பு: எர்ரானி, வாவசோரி. ஒரே பெயர் இரண்டு முறை வருகிறதா? சாரா எர்ரானிக்கு வயது 38. 2012-இல் இங்கே ஒற்றையர் இறுதியில் ஷரபோவாவிடம் தோற்றவர். 2024 ஒலிம்பிக்கில் இதே மைதானத்தில் பவோலினியுடன் தங்கம் வென்றவர். அந்த ஒற்றையர் இறுதிக்குப் பதின்மூன்று ஆண்டு கழித்தும் இதே மண்ணில் இரண்டு கோப்பைகள் தூக்குகிறார். ஒரு சின்னப் பெட்டிச் செய்திக்கும் தகுதியில்லையா?

இன்னொன்றையும் விட்டுவிட்டீர்கள். நான்காவது சுற்றில் பென் ஷெல்டனுடன் ஆடும்போது, எட்டாத பந்துக்கு அல்காரஸ் மட்டையையே வீசினார். பந்து மட்டையில் பட்டு எதிர்ப்பக்கம் விழுந்தது. நடுவர் புள்ளியை அவருக்கே கொடுத்தார். அல்காரஸ் நேராக நடுவரிடம் போய், பந்து படும்போது மட்டை என் கையில் இல்லை என்று சொல்லிப் புள்ளியை ஷெல்டனிடம் கொடுத்துவிட்டார். யாரும் கவனித்திருக்கவில்லை. அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரியாது. பள்ளி மாணவர்கள் படிக்கும் பக்கத்தில் இடம்பெற வேண்டிய செய்தி இது. கோடுகளுக்கு மனித நடுவர்களை வைத்திருக்கும் ஒரே கிராண்ட்ஸ்லாமாகப் பாரிஸ் மிஞ்சியிருக்கிறது. அங்கே இன்னும் நாற்காலி நடுவர் இறங்கி வந்து, குனிந்து, பந்து விழுந்த தடத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்கிறார். விம்பிள்டன் 2025 முதல் அந்த வேலையை முழுவதும் கருவியிடம் கொடுத்துவிட்டது.

2025 விம்பிள்டன் ஜூன் 30 அன்று தொடங்குகிறது. அதற்குள் தங்களிடம் மூன்று வேண்டுகோள். இறுதி ஆட்டச் செய்தியின் தலைப்பில் வென்றவரின் பெயர் வரட்டும். தோற்றவர் செய்த தவறுகளின் எண்ணிக்கையைப் போட்டால், பக்கத்தில் வென்றவரின் எண்ணிக்கையையும் போடுங்கள். டை-பிரேக்கருக்குப் போன செட்டுக்கு 7-6 என்று மட்டும் போடாமல் டை-பிரேக்கரின் புள்ளிகளையும் சேர்த்து அச்சிடுங்கள். 7-3-க்கும் 10-2-க்கும் உள்ள வேறுபாடு வாசகருக்குத் தெரிய வேண்டும். இடம் போதாது என்றால், அன்றைய பக்கத்தில் ஒரு வீரரின் கார் எவ்வளவு விலை என்று கால் பக்கம் போட்டிருந்தீர்களே, அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் விளையாட்டுப் பக்கத்தை முதலில் படிக்கும்
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்